செய்து பார்த்துத்தான் தெரியும்

(பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற வேலைவாய்ப்பு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்று ஒரு நீளமான பலகை மாட்டிய அலுவலகத்தில் என் பணிக்காலம் கழிந்தது. ஊரில் அதன் பெயர் 'எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்', அவ்வளவுதான். பதிவு செய்ய வருவார்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வருவார்கள், சீனியாரிட்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க வருவார்கள். பலகையில் இருக்கும் 'வழிகாட்டும்' என்ற பகுதிக்காக வருகிறவர்கள் குறைவு. வந்தவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சார், இப்ப எந்த கோர்ஸுக்கு ஸ்கோப் இருக்கு?"

இந்தக் கேள்விக்கு ஊர் சொல்லும் பதில் மட்டும் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தால் வாழ்க்கை செட்டில் என்றார்கள். தெருவுக்கு ஒரு இன்ஸ்டிட்யூட்டில் தட்டச்சுப் பொறிகள் தடதடத்தன. பிறகு கம்ப்யூட்டர் டிப்ளமோ. பிறகு ஆசிரியர் பயிற்சி. நிலத்தை விற்றுப் படிக்கவைத்தவர்களை எனக்குத் தெரியும். பிறகு பொறியியல். இப்போது செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். டைப்ரைட்டிங் படித்தவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணியிடம் இன்றும் இருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. ஸ்கோப் என்பது சந்தை நிலவரம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சந்தைக்குள் போய் முப்பது வருடம் நிற்கப் போகிற ஆளைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

இதற்கு நேர் எதிராக இப்போது இன்னொரு அறிவுரை வந்திருக்கிறது. "உனக்குப் பிடிச்சதைச் செய், மனசு சொல்றதைக் கேளு." மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். பதினேழு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உனக்கு என்னப்பா பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை பார்த்திருப்பது வீடு, பள்ளிக்கூடம், டியூஷன், போன். அதற்கு வெளியே உள்ள வேலை உலகத்தைக் காட்டாமலே அதில் எது பிடிக்கும் என்று கேட்டால் என்ன சொல்லும்? மாமா செய்கிற வேலையைச் சொல்லும், இல்லாவிட்டால் சினிமாவில் பார்த்ததைச் சொல்லும். மனசு சொல்கிறது என்று நாம் நினைப்பது பல நேரம் மாமா சொன்னதுதான்.

தன்னை அறிந்து தொழிலைத் தேர்ந்தெடு என்று முதன்முதலில் முறையாகச் சொன்னவர் யார் என்று பார்த்தால் அமெரிக்காவில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவரிடம் போய் நிற்போம். 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரத்தில், வெளிநாடுகளிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த நார்த் எண்ட் பகுதியில், தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். அவருடைய புத்தகம் 1909-இல், அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. அவர் சொன்னது மூன்று விஷயம். உன் திறமை, ஆர்வம், வசதி, குறைபாடு எல்லாவற்றையும் தெளிவாகத் தெரிந்துகொள். ஒவ்வொரு தொழிலும் என்ன கேட்கிறது, என்ன தருகிறது என்று தெரிந்துகொள். பிறகு இரண்டையும் நிதானமாகப் பொருத்திப் பார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் உலகம் முழுக்க வழிகாட்டி அலுவலகங்கள் ஓடுவது ஏறக்குறைய இந்தச் சட்டகத்தில்தான். என் அலுவலகமும் அப்படித்தான்.

ஆனால் பார்சன்ஸ் எப்படிப் பார்சன்ஸ் ஆனார் என்பதை யாரும் சொல்வதில்லை. படித்தது பொறியியல். சேர்ந்தது ரயில்வே கம்பெனி. 1873 பொருளாதார நெருக்கடியில் அது கவிழ்ந்தது. இரும்பு உருக்காலையில் கூலி வேலை பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். சட்டம் படித்தார், உடம்பு கெட்டது, சட்டப் பாடநூல்கள் எழுதினார், சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1895-இல் பாஸ்டன் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். கான்சாஸுக்குப் போய்ப் பேராசிரியராக இருந்துவிட்டுத் திரும்பினார். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் தன் வேலை இது என்று அவருக்குப் பிடி கிடைத்தது. 'முதலில் உன்னை அறி, பிறகு தேர்ந்தெடு' என்று எழுதிய மனிதர் தன் வாழ்க்கையில் அந்த வரிசைப்படி ஒன்றும் செய்யவில்லை. இது அவரைக் குறைசொல்ல இல்லை. அவர் புத்தகத்தைவிட அவர் வாழ்க்கைதான் எனக்கு நம்பகமாகப் படுகிறது.

அடுத்து, தேர்வுகள். 'ஆப்டிட்யூட் டெஸ்ட்', 'இன்ட்ரஸ்ட் டெஸ்ட்' என்று ஆன்லைனில் பணம் வாங்கிக்கொண்டு இருபது பக்க ரிப்போர்ட் தருகிறார்கள். இவற்றில் பலவற்றுக்கு மூலம் ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நேர்காணல் செய்துகொண்டிருந்தார். வருகிறவர்களின் பழைய வேலை வரலாறுகள் திரும்பத் திரும்பச் சில வகைகளுக்குள் அடங்குவதைக் கவனித்தார். பிற்பாடு அதை ஆறு வகைகளாக்கினார்: கையால் செய்வதை விரும்புகிறவர், ஆராய்கிறவர், கலைநாட்டம் உள்ளவர், மற்றவர்களுக்கு உதவுகிறவர், முன்னின்று நடத்துகிறவர், ஒழுங்குபடுத்துகிறவர். நல்ல வகைப்பாடுதான், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். பேச்சைத் தொடங்க வார்த்தைகள் கிடைக்கின்றன. ஆனால் ஹாலண்ட் பார்த்தது ஏற்கெனவே வேலை செய்துவிட்டு வந்த ஆட்களின் வரலாறுகளை என்பதை மறந்துவிடக் கூடாது. நாம் அந்தக் கேள்வித்தாளை லேத் எந்திரத்தைக் கண்ணாலும் பார்க்காத பையனிடம் கொடுத்து, 'எந்திரங்களோடு வேலை செய்யப் பிடிக்குமா, ஆம் அல்லது இல்லை' என்று கேட்கிறோம். 'இல்லை'யில் டிக் அடிக்கிறான். கணினி அதை அவனுடைய இயல்பு என்று அச்சடித்துக் கொடுக்கிறது.

இப்போது நம் ஊர் ஆள் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசப் போகிறேன். தமிழ்த் தாத்தா என்று பாடப்புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதி மறந்துவிட்டோம். உ.வே.சாமிநாதையரை ஒரு வேலைவாய்ப்பு அலுவலரின் கண்ணோடு படித்துப் பார்க்க வேண்டும். அவருடைய 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஓர் ஆளுக்குத் தன் வேலை எப்படி அமைகிறது என்பதற்கு அதைப் போல இன்னொரு ஆவணம் தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1855-இல் பிறந்தவர். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். பையனும் சங்கீதத்தில் வருவான் என்பது வீட்டின் எதிர்பார்ப்பு. பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். ஊரில் அன்று ஸ்கோப் பேசியவர்களும் இருந்தார்கள். இங்கிலீஷ் படித்தால் இந்த உலகத்துக்கு ஆகும், சமஸ்கிருதம் படித்தால் அந்த உலகத்துக்கு ஆகும், தமிழ் எதற்கு ஆகும் என்று கேட்டார்கள். அப்பாவுக்கும் கவலை இல்லாமல் இருந்திருக்காது. ஆனாலும் மகனின் பசியைப் பார்த்து, அவனுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஆள் கிடைக்கிற ஊராகப் பார்த்துக் குடிமாறிக்கொண்டிருந்தார். கடைசியில் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். அவரிடம் சங்கீதமும் கொஞ்ச நாள் நடந்தது. பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பையன் சங்கீத வகுப்பை விட்டுவிட்டான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால் இன்னொன்றை விடுகிறோம். அந்த இழப்பு அவர் எழுத்திலேயே தெரிகிறது.

இதுவரை கதை நாம் எதிர்பார்க்கிற மாதிரிதான் போகிறது. தனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்த பையன், அதைப் படித்தான், ஜெயித்தான். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு வருவது.

1876-இல் குரு காலமானார். திருவாவடுதுறை மடத்தில் இருந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. ஓய்வுபெறப் போன தியாகராச செட்டியார் தன் இடத்துக்கு இவரைச் சிபாரிசு செய்தார். வயது இருபத்தைந்து. நிரந்தர வேலை, மதிப்பான வேலை, பிடித்த பாடம். இன்று அந்தப் பையன் என் மேசைக்கு வந்திருந்தால் 'பணியமர்த்தப்பட்டார்' என்று முத்திரை குத்தி கோப்பை மூடியிருப்பேன்.

அந்த ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தார். கல்லூரித் தமிழாசிரியர் மரியாதைக்குப் போய்ப் பார்த்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவானின் மாணவர் அல்லவா? அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். எத்தனை சொன்னாலும் முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. புராணங்களைச் சொன்னார், கம்பராமாயணத்தைச் சொன்னார். கடைசியில் முதலியார் கேட்டது: இவ்வளவும் படித்து என்ன பிரயோசனம்? இவற்றுக்கெல்லாம் முந்தைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம்?

படித்ததில்லை. படித்ததில்லை என்பது மட்டுமல்ல, தன் ஆசிரியரும் அவற்றைப் பாடமாகச் சொல்லவில்லை என்பதும் அந்த நிமிடத்தில் அவருக்கு உறைக்கிறது. பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொண்டிருந்த இளைஞனுக்கு இது எப்படி இருந்திருக்கும்! கோபித்துக்கொண்டு வந்துவிட எல்லா நியாயமும் இருந்தது. அவர் மறுபடி போனார். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புரியவில்லை. சமண நூல், சமண சமயச் செய்திகள் தெரியாமல் ஓர் இடம்கூட நகரவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏட்டுச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். ஓர் ஏட்டில் இருப்பது இன்னோர் ஏட்டில் இல்லை. ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பாடம் குறித்தார். 1887-இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. பிறகு 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை.

பதினாறு வயதில் மாயூரத்தில் அந்தப் பையனைப் பிடித்து, நீ பிற்காலத்தில் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டிருந்தால் வித்துவான் என்றிருப்பான், கவிராயர் என்றிருப்பான். சுவடிப் பதிப்பாசிரியர் என்று சொல்லியிருக்க முடியாது. அவனுக்கு அப்படி ஒரு வேலை கண்ணில் பட்டதே இல்லை. தமிழ் என்ற பெரிய திசை தெரிந்திருந்தது. அந்தத் திசையில் எந்த இடத்தில் தான் உட்கார வேண்டும் என்பது இருபத்தைந்து வயதுக்கு மேல், அடுத்தவர் ஒருவர் கேட்ட சங்கடமான கேள்வியால் தெரியவந்தது. தன்னைப் பற்றி அவருக்கே தெரியாமல் இருந்த சில குணங்களும் அந்த வேலையில் இறங்கிய பிறகுதான் வெளியே வந்தன: சிதைந்த வரியில் ஓர் எழுத்துக்காக நாள்கணக்கில் காத்திருக்கும் பொறுமை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கிற துணிவு. எந்தக் கேள்வித்தாள் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

இன்னொன்றையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அவர் கல்லூரி வேலையை விடவில்லை. கும்பகோணத்திலும், 1903-க்குப் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலுமாக 1919 வரை பாடம் நடத்தி மாதச் சம்பளம் வாங்கினார். சுவடி வேலையெல்லாம் அதற்கு மேல், கிடைத்த நேரத்தில். பிடித்த வேலை ஒருபக்கம், சோறு போடும் வேலை ஒருபக்கம் என்று இருப்பதைத் தோல்வி மாதிரி இப்போது பேசுகிறார்கள். அந்தச் சம்பளம் இல்லாமல் புறநானூறு அச்சேறியிருக்குமா என்பதை யோசியுங்கள்.

சரி, இது ஒரு பெரிய மனிதரின் கதை, நமக்கு ஆகுமா என்று கேட்கலாம். எட்கர் ஷைன் என்று ஒருவர், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நிர்வாகவியல் பேராசிரியர். 1960-களின் தொடக்கத்தில் அங்கே மேலாண்மை படித்து முடித்த 44 மாணவர்களை நேர்காணல் செய்து வைத்துக்கொண்டார். கம்பெனிகள் இந்த இளைஞர்களைத் தங்கள் வார்ப்பில் எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே ஆட்களை மறுபடி போய்ப் பார்த்தார். கம்பெனி, பதவி, ஊர் எல்லாம் சகட்டுமேனிக்கு மாறியிருந்தன. அதில் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர்கள் சொன்ன காரணங்களை வரிசையாக வைத்தபோது ஒருவரிடம் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தது. ஒருவர் தன் தொழில்நுட்பத் திறமையை விட்டு விலகும்போதெல்லாம் அந்த இடத்தை விட்டு வெளியேறியிருக்கிறார். இன்னொருவர் தலைக்கு மேல் மேலாளர் நிற்பதைப் பொறுக்க முடியாமல் வெளியேறியிருக்கிறார். வேறொருவர் நிலையான வருமானத்துக்கு ஆபத்து வந்தால் மட்டும் அசைந்திருக்கிறார். இதை அவர் நங்கூரம் என்றார். 1978-இல் புத்தகமாக வந்தது. கல்லூரியை விட்டு வந்த அன்றைக்கு அந்த நங்கூரம் யாரிடமும் தெளிவாக இல்லை. நாலைந்து இடத்தில் வேலை பார்த்து, இழுபட்டு, வேண்டாம் என்று உதறி, அதற்குப் பிறகுதான் அது என்னவென்று அவர்களுக்கே தெரிந்தது.

ஷைன் ஒரு நல்ல காரியம் செய்தார். பாதுகாப்பை விரும்புவதையும் மற்றவற்றுக்குச் சமமான ஒரு நங்கூரமாக வைத்தார். 'கவர்ன்மென்ட் வேலைதான் வேணுமா, ரிஸ்க் எடுக்கத் தெரியாதா' என்று டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகளைக் கிண்டல் செய்கிற பேச்சாளர்கள் இருக்கிறார்கள். நானே அந்த வகை ஆள்தான் ஐயா. ஒண்ணாம் தேதி சம்பளம் வரும் என்ற நிம்மதி இருந்தால்தான் எனக்கு மற்றவர் கவலையைக் காது கொடுத்துக் கேட்கவே முடியும். அது என் குணம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆக, தன்னை அறிவது என்பது வேலைக்குப் போவதற்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்து முடித்துவிடுகிற காரியம் அல்ல என்பது என் கட்சி. செய்ய வேண்டும், செய்யும்போது தன்னைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைத்தான் நாம் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பத்து வருடம் வேலை பார்த்தும் தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் நிறைய. அவர்களுக்கு அனுபவம் குறைவில்லை. குறித்து வைக்கத்தான் இல்லை.

எங்கள் மையத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடக்கும். போட்டித் தேர்வுக்குப் புத்தகம் எடுக்க ஒரு பெண் வருவார். பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக்கடை ஒன்றில் பில்லிங் கவுண்டரில் இருந்தார். "எனக்கு எதுலயுமே இன்ட்ரஸ்ட் இல்ல சார்" என்பார், ஏதோ நோய் மாதிரி. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். ராத்திரி படுக்கும் முன் மூன்று வரி: இன்று எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எந்த வேலையை முடிந்தவரை தள்ளிப்போட்டாய், என்ன விஷயத்துக்காக மற்றவர்கள் உன்னைத் தேடி வந்தார்கள். பிடித்தது பிடிக்காதது எதையும் எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் எழுது என்றேன்.

சில வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தார். பெரும்பாலும் கால் வலி, சூப்பர்வைசர் சத்தம். நடுவில் ஒரு நாள் குறிப்பு மட்டும் நீளமாக இருந்தது. அன்று கடை மூடும்போது கல்லாவில் 1,180 ரூபாய் அதிகம் இருந்திருக்கிறது. குறைந்தால்தான் பிரச்சினை, அதிகம்தானே, விடு என்று கேஷியர் சொல்லியிருக்கிறார். இவருக்கு விட மனமில்லை. அன்றைய எக்ஸ்சேஞ்ச் சீட்டுகளை எல்லாம் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். ஒரு பட்டுப்புடவையை மாற்றிக் கூடுதல் விலைப் புடவை எடுத்த வாடிக்கையாளரிடம் வித்தியாசத் தொகையை வாங்கியிருக்கிறார்கள், பில் போடவில்லை. பத்தரை மணிக்குக் கண்டுபிடித்தார். 'பசியே தெரியல' என்று எழுதியிருந்தார். முன்பக்கங்களைப் புரட்டினால் இதே வகைக் குறிப்பு சிறிது சிறிதாக வேறு நாட்களிலும் இருந்தது: ஸ்டாக் டேலி ஆகவில்லை என்றால் இவரைக் கூப்பிடுகிறார்கள். எதிலும் ஆர்வமில்லை என்றவர் கையெழுத்தில்தான் இவ்வளவும் இருந்தது.

அதன்பிறகு டேலி படித்தார், ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். இப்போது அங்கே பொருந்தாத கணக்கு எது வந்தாலும் அவர் மேசைக்குத்தான் போகிறது. சந்தோஷமாக இருக்கிறாயா அம்மா என்று கேட்டேன். "சம்பளம் பத்தல சார். ரிட்டர்ன் போடுற சீசன்ல தூக்கமும் இல்ல. ஆனா திங்கக்கிழமை காலைல வயித்தக் கலக்குறது நின்னுடுச்சு" என்றார். இதற்கு மேல் ஒரு வேலையிடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அர்த்தமுள்ள வேலை என்று பேசும்போது ஓர் ஆய்வை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-இல் எழுதியது. ஒரு மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசினார்கள். எல்லாருக்கும் ஒரே பணி விவரம்தான். சிலர் தரையைத் துடைத்தோம், வந்தோம் என்றார்கள். சிலரோ நோயாளியின் தூக்கம் கெடாமல் எப்போது துடைப்பது என்று பார்த்தார்கள், வந்த உறவினர்களுக்கு வழி காட்டினார்கள். நினைவின்றிக் கிடக்கும் நோயாளியின் அறையில் சுவர்ப் படங்களை அவ்வப்போது இடம் மாற்றி மாட்டிய ஒருவர்கூட இருந்தார். வேலை மாறாமலே வேலையைத் தங்களுக்கு ஏற்றபடி வடிவமைத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

உண்மைதான். ஆனால் இந்த ஆய்வை நிர்வாகிகள் மேடையில் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் கையுறைக்கும், காலத்தில் வர வேண்டிய சம்பளத்துக்கும் போராடுகிறார்கள். அந்த அம்மாக்கள் நோயாளியிடம் அன்பாகப் பேசுவதில்லையா? பேசுகிறார்கள். அர்த்தம்தான் கிடைக்கிறதே, கூலி எதற்கு என்று அந்த அன்பைக் காட்டிச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. அர்த்தம் தொழிலாளி தானாகக் கண்டுபிடித்துக்கொள்வது. கூலி முதலாளி கொடுத்தாக வேண்டியது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

எல்லாருக்கும் தேர்ந்தெடுக்கிற வசதி ஒரே அளவில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். மூத்த பிள்ளை, தலைக்கு மேல் கல்விக் கடன், தங்கைக்குக் கல்யாணம் என்றால் கிடைத்த வேலைக்குத்தான் போயாக வேண்டும். போங்கள், தயங்க வேண்டாம். நோட்டுக்கு விலை பதினைந்து இருபது ரூபாய்தான். கிடைத்த வேலையிலும் அந்த மூன்று கேள்விக்குப் பதில் எழுத முடியும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கட்-ஆஃப் கணக்கு, கவுன்சலிங் தேதி எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். இந்த விடுமுறை முடிவதற்குள் பிள்ளையை நாலு வேலையிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து விசாரணையைப் பார்க்கலாம், காசு கிடையாது. பக்கத்துத் தெரு லேத் பட்டறை, பால் கூட்டுறவுச் சங்கம், தெரிந்தவர் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம், அச்சகம், எது முடிகிறதோ அது. அங்கே இருப்பவரிடம் 'உங்க வேலை நல்லா இருக்கா' என்று கேட்கச் சொல்லாதீர்கள்; நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். காலையில் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள், எது ரொம்ப அலுப்பு, இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு வருகிற பதில்கள் ஆச்சரியமாக இருக்கும். திட்டம் போட்டு வந்தவர்கள் சொற்பம். ஜான் கிரம்போல்ட்ஸ் என்ற பெரிய வழிகாட்டல் அறிஞரே, கல்லூரியில் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கெடு நெருங்கியபோது, தன் டென்னிஸ் பயிற்சியாளரிடம் போய் யோசனை கேட்டார். அந்தப் பயிற்சியாளர் அங்கே உளவியல் பேராசிரியராகவும் இருந்தார். இவர் உளவியலில் சேர்ந்துவிட்டார்! எதிர்பாராத வாய்ப்பு வரும்போது கதவைத் திறக்கத் தயாராக இருப்பதும் ஒரு திறமை என்று பிற்காலத்தில் கோட்பாடே எழுதினார்.

முன்வரிசையில் என்னைப் போல நரைத்தவர்கள் சிலரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதெல்லாம் பிள்ளைகளுக்கு, நமக்கென்ன என்று நினைப்பீர்கள். டொனால்ட் சூப்பர் 1957-இல் எழுதிய புத்தகத்தில் தொழில் வாழ்க்கையைப் பருவங்களாகப் பிரித்தார். வளர்ச்சி, தேடல், நிலைபெறுதல், காத்துக்கொள்ளுதல், கடைசியில் தேய்தல். பிற்பாடு அவரே, இது நேர்க்கோடு இல்லை, எந்த வயதிலும் மறுபடி தேடலில் தொடங்கிச் சுற்றி வரலாம் என்றார். ஓய்வுபெற்ற பிறகு எனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. பழைய புத்தகங்களுக்கு பைண்டிங் போடக் கற்றுக்கொள்கிறேன். தையல் கோணுகிறது, பசை கையெல்லாம் ஒட்டுகிறது, கற்றுத் தருகிறவர் என் மகனைவிட இளையவர், நன்றாகத் திட்டுகிறார். இது எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வரலாம். எந்த கோர்ஸுக்கு ஸ்கோப் என்றும் கேட்கலாம், தப்பில்லை. எனக்குத் தெரிந்த சந்தை நிலவரத்தைச் சொல்கிறேன்.